நார்வே நாட்டு ஆசிரியரும் 1942ஆம் ஆண்டும்

1942 என்னும் ஆண்டைச் சொன்னவுடன் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர் நினைவுக்கு வருவது யாது? பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானதும், அதனைத் தொடர்ந்து வந்த மூன்றரை ஆண்டு இருளுமே ஆகும். நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் அக்கதையைச் சொல்லக் கேட்டே நாம் வளர்ந்தோம். ஆனால் அதே ஆண்டில், அதே பிப்ரவரித் திங்களில், ஐரோப்பாவின் வடகோடியிலே, அந்நியப் படையின் பிடியிலிருந்த மற்றொரு நாட்டில் பள்ளி ஆசிரியர்கள் செய்த செயல் ஒன்று நம்மிற் பலருக்குத் தெரியாது. அவர்கள் படை திரட்டவில்லை, கல்லெறியவில்லை. சில வரிகள் கொண்ட ஒரு கடிதம் எழுதினார்கள். அவ்வளவே. அக்கடிதம் ஓர் அரசின் திட்டத்தையே குலைத்தது.

அந்நாடு நார்வே. அவ்வாண்டில் அங்கு நிகழ்ந்தவற்றைத் தொகுத்துக் கூறி, அவற்றால் ஆசிரியத் தொழிலர் அறியத்தக்கது யாது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். புகழ்ச்சிக்குரியதை மட்டும் எடுத்து, வருத்தத்துக்குரியதை விடுத்தல் வரலாறாகாது. ஆதலின் அவ்வாண்டின் இரு முகங்களையும் ஈண்டுக் காண்போம்.

நாடும் காலமும்

நார்வே மலைகளும் கடற்கழிகளும் நிறைந்த நாடு. அக்காலத்தில் அதன் மக்கள் தொகை ஏறத்தாழ 30 இலட்சம். 1905ஆம் ஆண்டில் சுவீடனிடமிருந்து போரின்றிப் பிரிந்து தனிநாடாயிற்று. முடியரசாயினும், மக்கள் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றமே அங்கு ஆட்சி செலுத்தியது.

1940ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் ஹிட்லரின் படைகள் நார்வேயின் துறைமுகங்களில் இறங்கின. இரண்டு திங்கள் போருக்குப் பின்னர், ஜூன் மாதத்தில், ஏழாம் ஹாக்கோன் மன்னரும் அமைச்சரவையும் இலண்டன் மாநகர் சென்று அங்கிருந்தே போராட்டத்தைத் தொடர்ந்தனர். நாட்டை ஆளும் பொறுப்பை யோசெப் டெர்போவன் என்னும் ஜெர்மானிய ஆணையாளரிடம் ஹிட்லர் ஒப்படைத்தார்.

படையெடுப்பு நடந்த அன்று மாலையே, வானொலி நிலையத்துக்குச் சென்று, தாமே இனித் தலைமையமைச்சர் என்று அறிவித்த நார்வேக்காரர் ஒருவர் உண்டு. அவர் பெயர் விட்குன் குவிஸ்லிங். அவர் முன்னாள் படை அதிகாரி. 1931 முதல் 1933 வரை பாதுகாப்பு அமைச்சராயிருந்தவர். 1933இல் நாசிக் கொள்கையைத் தழுவித் தனிக்கட்சி கண்டவர். அக்கட்சிக்கு நாடாளுமன்றத்தில் மக்கள் ஓரிடமேனும் தந்ததில்லை. அவரது முதல் முயற்சி ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. எனினும் 1940 செப்டம்பரில் ஏனைய கட்சிகள் யாவும் தடை செய்யப்பட, அவர் கட்சி ஒன்றே எஞ்சியது. 1942 பிப்ரவரி 1ஆம் நாள், ஆஸ்லோ நகரின் ஆக்கர்ஸ்ஹூஸ் கோட்டையில் நடந்த விழாவில், அவர் 'அமைச்சர் தலைவர்' என்னும் பதவியில் அமர்த்தப்பட்டார். அவர் பெயரே பிற்காலத்தில் ஆங்கிலம் முதலிய மொழிகளில் 'நாட்டைக் காட்டிக் கொடுப்பவன்' என்று பொருள்படும் பொதுச் சொல்லாயிற்று.

இரண்டு சட்டங்கள்

பதவியேற்ற சில நாட்களுக்குள், பிப்ரவரி 5ஆம் நாள், குவிஸ்லிங் இரண்டு சட்டங்களைப் பிறப்பித்தார். ஒன்று, நாட்டிலுள்ள ஆசிரியர் அனைவரும் புதிதாக அமைக்கப்பெற்ற ஆசிரியர் சங்கம் ஒன்றில் உறுப்பினராதல் வேண்டும் என்பது. அதன் தலைவராக அமர்த்தப்பட்டவர், கட்சியின் சீருடைப் படையணிக்குத் தலைமை தாங்கியிருந்த ஓர்வார் சேதர் என்பவர். மற்றொன்று, 10 வயது முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகள் யாவரும் கட்சியின் இளைஞர் அணியிற் சேர்ந்து பணிபுரிய வேண்டும் என்பது.

இவ்விரண்டையும் தனித்தனியே நோக்கினால் உட்கருத்து விளங்காது. சேர்த்து நோக்குதல் வேண்டும். ஆசிரியரைக் கட்சியின் கைக்குள் கொண்டுவந்து, அவர் வழியாகப் பிள்ளைகளைக் கட்சியின் கைக்குள் கொண்டுவருதலே திட்டம். இதில் வெற்றி கண்டபின், மருத்துவர், வழக்கறிஞர், தொழிலாளர் என ஒவ்வொரு தொழிலுக்கும் இவ்வாறே ஒரு சங்கம் அமைத்து, அச்சங்கங்களைக் கொண்டே புதியதொரு நாடாளுமன்றத்தைக் கட்டுவது குவிஸ்லிங்கின் எண்ணமாயிருந்தது. ஆசிரியர் சங்கமே அக்கட்டடத்தின் அடிக்கல்.

கடிதம்

ஆசிரியர்களின் பழைய சங்கங்களைச் சேர்ந்த சிலர் ஆஸ்லோவில் மறைவாகக் கூடிக் கலந்தனர். செய்ய வேண்டியது ஒன்றே என்று முடிவு செய்தனர். ஒவ்வோர் ஆசிரியரும் தம் பெயரிட்டு, தம் கைப்பட, ஒரே வாசகம் கொண்ட கடிதத்தைச் சங்கத்துக்கு அனுப்ப வேண்டும். புதிய இளைஞர் அணியின் போக்கில் பிள்ளைகளை வளர்ப்பதில் பங்குகொள்ளத் தம் மனச்சான்று இடந்தரவில்லை. சங்க உறுப்பினராதல் அக்கடமையையும் சுமத்துவதால், தாம் அச்சங்கத்தின் உறுப்பினரல்லர் என்பதே அதன் சாரம். பிப்ரவரி 20ஆம் நாளை ஒட்டி அக்கடிதங்கள் அஞ்சலிற் சேர்ந்தன. ஒன்றல்ல, நூறல்ல, பல ஆயிரம். நாட்டு ஆசிரியருள் மிகப் பெரும்பாலோர் எழுதிவிட்டனர்.

இம்முறையின் நுட்பத்தை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். மகஜர் ஒன்றில் ஆயிரம் பேர் கையெழுத்திட்டால், முதற் கையெழுத்திட்டவரைத் தேடிப் பிடித்து அடக்கிவிடலாம். இங்கோ, தலைவன் என்று எவரையும் சுட்ட இயலவில்லை. ஒவ்வொருவரும் தனித்தே எழுதினர். ஆயினும் அனைவரும் ஒன்றையே எழுதினர். வாசகம் மிகச் சுருக்கமானது. ஆதலின் அதில் வாதத்துக்கு இடமில்லை. போரைப் பற்றியோ மன்னரைப் பற்றியோ அதில் பேச்சில்லை. தம் தொழிலின் எல்லைக்குள் நின்றே அவர்கள் பேசினார்கள். மலைநாட்டுச் சிற்றூரில் ஓராசிரியர் பள்ளியில் தனியே இருந்தவரும் அவ்வாசகத்தைப் படித்து, தம் மனத்தோடு கலந்து, 'ஆம்' அல்லது 'இல்லை' என்று முடிவு செய்ய இயன்றது.

அரசின் மறுமொழி

கடிதங்கள் வந்து குவிந்ததைக் கண்ட அரசு, பிப்ரவரி இறுதியில் பள்ளிகளை ஒரு மாத காலம் மூடியது. குளிர்காய விறகில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். விறகு வேண்டுமா, நாங்கள் தருகிறோம் என்று மக்கள் முன்வந்ததனால் அச்சொல்லின் பொய்மை வெளிப்பட்டது. இதற்குள் பெற்றோர்களும் எழுதத் தொடங்கினர். தம் பிள்ளைகளைக் கட்சியின் இளைஞர் அணிக்கு அனுப்ப விரும்பவில்லை என்று கல்வி அமைச்சுக்கு வந்த கடிதங்கள் இரண்டு இலட்சத்துக்குக் குறையாதன என்று வரலாற்றாசிரியர் கணிப்பர். முப்பது இலட்சம் மக்கள் வாழும் நாட்டில் இது சிறு தொகையன்று.

பிள்ளைகளும் வாளாவிருக்கவில்லை. 1940ஆம் ஆண்டு இலையுதிர் காலம் முதலே மாணவர் பலர், தாள்களைச் சேர்த்துப் பிடிக்கும் சிறிய கம்பிக் கிளிப்பைச் சட்டையில் அணியலாயினர். 'நாம் சேர்ந்திருக்கிறோம்' என்பது அதன் குறிப்பு. சிவப்புக் கம்பளிக் குல்லாய் அணிவதும் அவ்வாறே எதிர்ப்பின் அடையாளமாயிற்று. 1942 பிப்ரவரியில் அக்குல்லாயையே அரசு தடை செய்தது. பிள்ளைகளின் குல்லாய்க்கு அஞ்சும் அரசு எத்துணை வலிமையுடையது என்பதை நாமே ஊகிக்கலாம்.

இணங்காதவர் வேலையையும் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் இழப்பர் என்ற அச்சுறுத்தல் பயன் தராது போகவே, மார்ச் 20ஆம் நாள் முதல் கைது தொடங்கியது. ஏறத்தாழ 1,100 ஆண் ஆசிரியர்கள் பிடிக்கப்பட்டனர். ஆஸ்லோவுக்கு அருகிலுள்ள கிரினி முதலிய சிறைமுகாம்களில் வைக்கப்பட்ட அவர்களுள் பலர், லில்லிஹாமருக்கு அருகிலுள்ள யோர்ஸ்டாட்மோன் முகாமுக்கு மாற்றப்பட்டனர். அங்கே உடற்பயிற்சி என்ற பெயரில் பனியிலும் சேற்றிலும் தவழ விட்டனர். உணவு போதாது. கையெழுத்திட்டால் அன்றே வீடு திரும்பலாம் என்று ஒவ்வொருவரையும் அழைத்துக் கேட்டனர். ஒரு சிலரே இணங்கினர்.

ஏப்ரல் 12ஆம் நாள் அவர்களுள் ஏறத்தாழ 500 பேர் மாட்டு வண்டிப் பெட்டிகளில் ஏற்றப்பட்டு, வடக்கே ட்ரோண்ட்ஹெய்ம் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அங்கிருந்து, அத்தனை பேரைத் தாங்கத்தகாத 'ஸ்கியெர்ஸ்டாட்' என்னும் சிறு கப்பலில் அடைத்து, நாட்டின் வடகிழக்குக் கோடியிலுள்ள கிர்க்கெனெஸ் என்னும் ஊருக்கு அனுப்பினர். கடற்பயணம் ஏறத்தாழ இரண்டு வாரம். இடமில்லை, காற்றில்லை, நோயாளிகளுக்கு மருந்தில்லை. கிர்க்கெனெஸில் சோவியத் போர்க்கைதிகள் உழைத்த துறைமுகத்திலேயே மூட்டை இறக்கவும் கட்டட வேலை செய்யவும் ஆசிரியரும் ஏவப்பட்டனர். பின்னர் மற்றொரு குழுவும் வந்து சேர்ந்தது. சுண்ணக்கட்டி பிடித்த கைகள் சரக்கு மூட்டை தூக்கின.

ஊரில் எஞ்சியோர்

இவ்விடத்தில் நாம் மறக்கலாகாத மற்றொரு கூட்டத்தார் உளர். சிறைப்படாத ஆசிரியர்களும், ஆசிரியைகளுமே அவர்கள். சிறை சென்றவரின் வீரம் எளிதிற் கண்ணுக்குத் தெரியும். வெளியே இருந்தவரின் சோதனை அத்தகையதன்று. தாம் கையெழுத்திட்டால் தம் நண்பர் விடுதலை பெறக்கூடும் என்னும் எண்ணம் நாள்தோறும் அவர் நெஞ்சை அரித்திருக்கும். கப்பலில் உள்ளோர் உயிருக்கு ஊறு நேருமோ என்ற அச்சமும் இருந்தது. எனினும் அவர்கள் தளரவில்லை. சிறைப்பட்டோர் குடும்பங்களுக்கு மறைவாகப் பணம் திரட்டி உதவினர். பள்ளிகள் மீண்டும் திறந்தபொழுது, வகுப்பில் நின்று, மனச்சான்றுக்கு மாறானதை மாணவர்க்குக் கற்பிக்கமாட்டோம் என்று பலர் வெளிப்படையாக அறிவித்தனர்.

இறுதியில் இறங்கி வந்தது அரசே. சங்கத்துக்கும் இளைஞர் அணிக்கும் தொடர்புண்டு என எண்ணியது தவறான புரிதல் என்று அமைச்சு விளக்கம் கூறியது. மே மாதத்தில் பள்ளிகள் ஓரளவு முறையாக நடக்கத் தொடங்கின. மே 22ஆம் நாள் ஆஸ்லோவுக்கு அண்மையிலுள்ள ஸ்டாபெக் பள்ளிக்கு நேரிற் சென்ற குவிஸ்லிங், ஆசிரியர்களாகிய நீங்களே என் திட்டம் அனைத்தையும் பாழாக்கினீர்கள் என்று பொருள்படச் சினந்து பேசினார்; அங்கிருந்த ஆசிரியரைக் கைது செய்யவும் வைத்தார். ஆசிரியர்களுக்கு இதனினும் பெரிய நற்சான்றிதழை யார் வழங்க இயலும்?

கிர்க்கெனெஸிலிருந்து ஆசிரியர் குழுக்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. கடைசிக் குழு நவம்பர் தொடக்கத்தில் வீடு சேர்ந்தது. சங்கம் பெயரளவில் நின்றது. பிள்ளைகளைக் கட்டாயமாக இளைஞர் அணியிற் சேர்க்கும் திட்டம் நிறைவேறவே இல்லை. தொழிற்சங்கங்களால் ஆன நாடாளுமன்றம் என்னும் திட்டமும் அவ்வாண்டிலேயே கைவிடப்பட்டது.

திருச்சபையின் நிலை

ஆசிரியர் தனித்து நிற்கவில்லை. குவிஸ்லிங் பதவியேற்ற அதே பிப்ரவரி 1ஆம் நாள், ட்ரோண்ட்ஹெய்மின் நிடாரோஸ் பேராலயத்தில் கட்சியின் பொருட்டு ஒரு வழிபாடு நடத்தப்பட்டது. மக்கள் அதனைப் புறக்கணித்து, பிற்பகலில் ஆர்னே ஃபியெல்பூ என்னும் குருவானவர் நடத்தவிருந்த வழிபாட்டுக்குத் திரண்டனர். காவலர் கதவடைத்தபொழுது, மக்கள் வெளியே குளிரில் நின்று பாடினர். ஃபியெல்பூ பதவி நீக்கப்பட்டார். இதனைக் கண்டித்து பிப்ரவரி 24ஆம் நாள் ஆயர்கள் அனைவரும் அரசுப் பதவியைத் துறந்தனர். ஏப்ரல் 5ஆம் நாள் ஈஸ்டர் ஞாயிறன்று மிகப் பெரும்பாலான குருமார்களும் அவ்வழியே சென்றனர். தலைமை ஆயர் ஐவின்ட் பெர்க்ராவ் போர் முடியும் தறுவாய் வரை காவலில் வைக்கப்பட்டார்.

ஆசிரியரும் குருமாரும் ஒரே திங்களில் மறுத்தனர் என்பது தற்செயலன்று. சிற்றூர்களில் இவ்விருவர் சொல்லுக்கே மதிப்பு அதிகம். இருவரும் ஒன்றுபட்டு நின்றதால் பெற்றோரும் துணிந்தனர். அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட், இப்போர் எதற்காக என்று ஐயுறுவோர் நார்வேயைப் பாருங்கள் என்று பேசியதற்கு இவையே அடிப்படை.

அவ்வாண்டின் மற்றொரு முகம்

இத்துடன் முடித்தால் கட்டுரை இனிதாக முடியும். ஆனால் உண்மை முழுமை பெறாது.

முதலாவதாக, எதிர்ப்புக்கு எல்லாவிடத்தும் சிறை மட்டுமே தண்டனையாக இருக்கவில்லை. ஏப்ரல் இறுதியில் மேற்குக் கடற்கரையிலுள்ள டெலவோக் என்னும் மீனவர் ஊரில், இரகசியப் போலீஸ் அதிகாரிகள் இருவர் மோதலில் இறந்தனர். அதற்குப் பழியாக அவ்வூர் வீடுகள் யாவும் தகர்க்கப்பட்டன. ஆண்கள் ஜெர்மானிய வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டு, அவர்களுள் 31 பேர் மாண்டனர். அக்டோபரில் ட்ரோண்ட்ஹெய்ம் வட்டாரத்தில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு 34 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

இரண்டாவதாக, நார்வே மக்களை நாசிகள் தம் இனத்தவராகவே கருதி ஓரளவு அடக்கிவைத்தனர் என்பதையும் சொல்ல வேண்டும். போலந்து நாட்டில் நிலைமை வேறு. அங்கே 1939 நவம்பரில் கிராக்கோவ் பல்கலைக்கழகப் பேராசிரியர்களை ஒரு கூட்டத்துக்கு அழைத்து, வந்தவர்களில் நூற்றெண்பதுக்கும் மேற்பட்டோரை அப்படியே பிடித்து வதைமுகாமுக்கு அனுப்பினர். கடிதம் எழுதும் வாய்ப்பே அவர்களுக்குக் கிட்டவில்லை. ஆகவே, நார்வே ஆசிரியர் வென்றனர், பிறர் தோற்றனர் என்று எடை போடுதல் அறமன்று.

மூன்றாவது செய்தியே மிகக் கொடியது. நார்வேயில் அன்று ஏறத்தாழ 2,100 யூதர் வாழ்ந்தனர். 1942 தொடக்கத்தில் அவர்களுடைய அடையாளத் தாள்களில் தனி முத்திரை குத்தப்பட்டது. ஒவ்வொருவரும் குடும்பம், தொழில், சொத்து முதலிய விவரங்களைப் படிவத்தில் நிரப்பித் தர வேண்டியதாயிற்று. மார்ச் மாதத்தில், யூதர் நாட்டிற்குள் நுழையத் தடை விதித்து 1851இல் நீக்கப்பட்ட பழைய அரசியலமைப்பு விதியைக் குவிஸ்லிங் மீண்டும் உயிர்ப்பித்தார். அக்டோபர் 26ஆம் நாள் யூத ஆண்களும், நவம்பர் 26ஆம் நாள் விடியுமுன் பெண்களும் குழந்தைகளும் பிடிக்கப்பட்டனர். அன்றே 'டோனாவ்' என்னும் கப்பல் ஐந்நூறுக்கு மேற்பட்டோரை ஏற்றிக்கொண்டு ஆஸ்லோவை விட்டுச் சென்றது. அவர்கள் கொண்டு செல்லப்பட்ட இடம் ஆவுஷ்விட்ஸ். போர்க்காலத்தில் இவ்வாறு அனுப்பப்பட்ட எழுநூற்றுக்கும் மேற்பட்டோருள் உயிருடன் மீண்டவர் நாற்பதின்மரும் இலர்.

இவர்களை வீடு வீடாகச் சென்று பிடித்தவர் பெரும்பாலும் நார்வே நாட்டுப் போலீசாரே. பெயர்ப்பட்டியலைச் சரிபார்த்தவரும் நார்வே நாட்டு எழுத்தர்களே. திருச்சபைத் தலைவர்கள் நவம்பரில் குவிஸ்லிங்குக்கு எதிர்ப்புக் கடிதம் அனுப்பினர். அது படிக்கப்பட்டது, ஆனால் கப்பல் நிற்கவில்லை. அண்டை அயலார் பலர் தம் உயிரைப் பணயம் வைத்து, யூதரில் பாதிக்கும் மேற்பட்டோர் எல்லை கடந்து சுவீடன் சேரத் துணைபுரிந்தனர் என்பது ஆறுதல். 2012 ஜனவரி 27ஆம் நாள், அன்றைய தலைமையமைச்சர் யென்ஸ் ஸ்டோல்டன்பெர்க், இக்கொடுமையில் நார்வேயர் பங்குகொண்டமைக்காக நாட்டின் சார்பில் மன்னிப்புக் கோரினார். எழுபது ஆண்டுகள் கழிந்தபின் வந்த சொல் அது.

நாம் அறியத்தக்கது

ஒரே நாடு, ஒரே ஆண்டு. ஓரிடத்தில் ஒரு தாள் மறுக்கப்பட்டது. மற்றோரிடத்தில் ஒரு தாள் நிரப்பப்பட்டது. இரண்டும் அலுவலகத் தாள்களே. இரண்டின் கீழும் இருந்தது ஒரே அரசின் ஆணையே. வேறுபாடு எங்குளது?

ஆசிரியர்கள் தம்மைத் தாமே கேட்டுக்கொண்டனர்: 'இத்தாளில் நான் கையெழுத்திட்டால், என் முன் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு என்ன நேரும்?' அவர்களுக்கு அப்பிள்ளையின் முகம் தெரியும், பெயர் தெரியும், பெற்றோரைத் தெரியும். மேலும், கலந்து பேசுவதற்குத் தொழில்வழித் தோழர் இருந்தனர். எண்ணிப் பார்க்க இரண்டு வார அவகாசமும் இருந்தது. பட்டியலைச் சரிபார்த்த எழுத்தருக்கோ, அத்தாளில் இருந்தவை பெயர்களும் எண்களுமே. தம் பங்கு மிகச் சிறிது என்றும், முடிவு செய்பவர் வேறெவரோ என்றும் எண்ணிக்கொள்வது அவருக்கு எளிதாயிற்று. யூதருக்காக முன்கூட்டியே ஒன்றுபட்டு நிற்கும் ஏற்பாடும் எங்கும் இருக்கவில்லை. இது அவர்கள் குற்றத்தைக் குறைக்கும் சமாதானமன்று. குற்றம் எவ்வாறு நேர்ந்தது என்பதற்கான விளக்கமே.

தலைமையாசிரியர் பணியில் நாள்தோறும் என் கையாற் கடந்து செல்லும் தாள்கள் எத்தனை! வருகைப் பதிவு, பிறப்புப் பத்திர விவரம், உதவித் தொகைப் பட்டியல், பள்ளி மாற்றுச் சான்றிதழ்... இவை யாவும் நல்ல நோக்கத்துக்கு உரியவையே. ஆயினும், ஒவ்வொரு வரியின் பின்னும் ஒரு பிள்ளை நிற்கிறது என்பதை மறந்து எழுதும் பழக்கம் நம்மிடம் படிந்துவிட்டால், நாம் ஆசிரியர் நிலையிலிருந்து வெறும் எழுத்தர் நிலைக்கு இறங்கிவிட்டோம் என்பதே பொருள். பிறப்புப் பத்திரம் இல்லாத தோட்டத்துப் பிள்ளையைப் பள்ளிப் படியேற்றப் போராடிய ஆசிரியர் எவரும் இதன் உண்மையை எளிதில் உணர்வர்.

பயிற்சிக் கல்லூரியில் நாம் பாடத்திட்டம் வகுக்கக் கற்றோம்; கரும்பலகையை மூன்றாகப் பிரிக்கக் கற்றோம்; வினாவெழுப்பும் முறை கற்றோம். 'இதனை நான் செய்ய இயலாது' என்று பணிவாகவும் உறுதியாகவும் கூறும் முறை எப்பாடத்திலும் இருக்கவில்லை. நார்வே ஆசிரியருக்கும் அது பாடமாக இருந்திராது. தொழிலை நேசித்ததனாலேயே அவர்கள் அதனைக் கற்றனர். 1920 தொட்டே 'ஒத்துழையாமை' என்னும் சொல்லைத் தமிழர் அறிவர். அச்சொல்லின் உயிர்ப்பொருள் வெறும் மறுப்பன்று. எதனைக் காப்பதற்காக மறுக்கிறோம் என்னும் தெளிவே ஆகும். நார்வே ஆசிரியர் காத்தது தம் சம்பளத்தை அன்று. தம்மை நம்பி அனுப்பப்பட்ட பிள்ளைகளை.

1944 அக்டோபரில் கிர்க்கெனெஸ் விடுதலை பெற்றது. 1945 மே 8ஆம் நாள் நார்வே முழுவதும் விடுதலை பெற்றது. குவிஸ்லிங் அதே ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் மரண தண்டனை பெற்றார். ஆசிரியர்கள் வழக்கம்போலக் காலையில் மணியடித்து வகுப்பைத் தொடங்கினர். அவர்கள் முன் அமர்ந்திருந்த பிள்ளைகள், தம் ஆசிரியர் வடகோடிக்குச் சென்று மூட்டை தூக்கியது எதற்காக என்று அறிந்திருந்தனர். நன்னெறிப் பாடத்தை நாம் எத்தனை முறை வாய்விட்டுச் சொன்னாலும், மாணவர் உள்ளத்தில் நிற்பது நம் வாழ்விலிருந்து அவர்கள் தாமே கண்டறிந்த பாடமே. நாம் எதற்குக் கையெழுத்திடுகிறோம், எதற்கு மறுக்கிறோம் என்பதை அவர்களும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.